யாரும் என்னைக் கேட்கவில்லை

எங்கள் பக்கத்தில் யாராவது வீட்டுக்கு வந்தால் வந்த காரியத்தை உட்கார்ந்து பேச மாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள், தேங்காய் விலையைப் பற்றிப் பேசுவார்கள், யாருடைய பெண்ணுக்கு எங்கே இடம் அமைந்தது என்று விசாரிப்பார்கள். நடுவில் காபி வரும். பிறகு இன்னொரு தடவை மழை. எல்லாம் முடிந்து எழுந்து, வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டின் மேல் ஒரு கையை வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். இருபத்தாறு வருஷம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். கேள்வியை முதலில் எழுது, விடையைப் பிறகு எழுது என்று கத்திக் கத்தியே தொண்டை கெட்டுப்போனது. அதனால் இந்தச் செருப்பு மாட்டிய பேச்சைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

தீபாவளி முடிந்த வாரம் அண்ணன் தம்பி இருவர் ஒரு பை ஆப்பிளோடு என் வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் பகல்நேர மையம் நடத்தும் கட்டிடம் அவர்கள் குடும்பத்துடையது. காரமடைக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அவர்கள் அப்பாவின் நூற்பாலை இருந்தது. ஆலை மூடி வெகுகாலம் ஆகிறது. அதன் கேன்டீன் கட்டிடத்தை மட்டும் அவர் எங்களுக்குக் கொடுத்திருந்தார். வாய் வார்த்தைதான், எழுத்து ஒன்றும் இல்லை. ஆவணியில் அவர் இறந்துபோனார்.

ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பேசினோம். மையத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். என் முழங்கால் வலிக்குக் கூட மூத்தவர் ஒரு வைத்தியரைச் சொன்னார். பிறகு கேட்டில் கையை வைத்தார். "ஏனுங்க டீச்சர், அந்த எடத்தப் பத்தி ஒரு ரோசன இருக்குதுங்க. அவசரமெல்லாம் இல்லீங்க. சித்திரைக்குள்ள பாத்துக்கலாமுங்க" என்றார். நான் "செரிங்க" என்றேன். கார் திரும்பி மறைந்த பிறகுதான் என்ன சொன்னார் என்பதே முழுதாக உறைத்தது. சித்திரைக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அவர்கள் மேல் எனக்குப் புகார் கிடையாது. அப்பா கொடுத்த வாக்கை அப்பா இருந்தவரைக்கும் காப்பாற்றினார்கள். பாகம் பிரிக்க வேண்டியிருந்தது, நிலம் வீட்டு சைட் போடுகிறவர்களுக்குப் போகிறது. யாருடைய சொத்திலோ உட்கார்ந்துகொண்டு, அது நம்முடையது என்று நினைக்கப் பழகியது எங்கள் தவறு.

எங்கள் மையம் மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான பகல்நேர மையம். பிள்ளைகள் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். மூத்த பிள்ளைக்கு முப்பத்தொரு வயது, காதோரம் நரை விழுந்துவிட்டது. மொத்தம் பத்தொன்பது பேர். பள்ளிக்கூட வயது தாண்டியதும் இவர்களை வைத்துக்கொள்ள இடம் கிடையாது, வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வீட்டில் அம்மா மில்லுக்குப் போவார், அப்பா இருந்தால் அவரும் எங்காவது வேலைக்குப் போவார். பிள்ளை தனியாக ரோட்டுக்கு ஓடிவிடும் என்ற பயத்தில் வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். அது கொடுமைக்காரர்கள் செய்வது அல்ல. நான் பார்த்தவரை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் பூட்டினார்கள். நாங்கள் செய்ததெல்லாம் காலையில் வேன் அனுப்பிக் கூட்டிவந்து, நாலரை மணிக்குக் கொண்டுபோய் விடுவது. நடுவில் கொஞ்சம் வேலை, கொஞ்சம் விளையாட்டு, சுடச்சுடச் சோறு. அந்த நேரத்தில் பத்தொன்பது வீடுகளில் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டுத் தொங்காது. அதைத்தான் எங்கள் நோக்கம் என்று நான் புரிந்துவைத்திருந்தேன்.

தலைமைக்கு என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மையத்தைத் தொடங்கிய டாக்டரம்மா வயதான காலத்தில் மகளோடு வெளிநாட்டுக்குப் போனார். போகும்போது சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். வாரம் இரண்டு நாள் வந்து உதவிக்கொண்டிருந்த நான், சாவி கையில் இருந்த காரணத்தால் செயலாளர் ஆனேன். அதன் பிறகு ஒருமுறை அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலில், தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கான பயிற்சிக்கு அனுப்பினார்கள். கோட் போட்ட ஒருவர், நெருக்கடி நேரத்தில் தலைவரின் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அதில் கலக்கம் தெரியக் கூடாது என்று சொன்னார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன், இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் அது எனக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. சோதனைச்சாலையில் ஏதாவது உடைந்தால் ஆசிரியை பதறக் கூடாது. பதறினால் நாற்பது பெண்களும் பதறுவார்கள். ஆகவே கமிட்டியில் நான் ஒன்றைச் சொன்னேன். வேறு இடம் கிடைக்கும்வரை பெற்றோருக்கு எதுவும் தெரிய வேண்டாம். தெரிந்தால் ஆளுக்கொரு பக்கம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பிள்ளை இல்லாத மையத்துக்கு யார் இடம் தருவார்கள் என்று கேட்டேன். கமிட்டியில் மற்ற நாலு பேரும் மரியாதை பார்ப்பவர்கள். என் பேச்சைத் தட்டவில்லை. டீச்சர்களிடமும் சமையல் அக்காவிடமும், பெற்றோரிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

இடம் தேடி நான் அலைந்ததைச் சொன்னால் அது தனிக் கதை. உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி தன் குடோனைத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன், நல்ல இடம். ஆனால் வேன் போய்வரவே பிள்ளைகளின் பகல் தீர்ந்துவிடும். சாயிபாபா காலனியில் ஒரு வீடு கிடைப்பதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டார் வந்து, "புள்ளைங்க சத்தம் போடுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். போடும் என்றேன். எங்களுக்கு ஒன்றும் இல்லை, மாமியாருக்குத்தான் நெஞ்சுவலி என்றார்கள். அந்தத் தெருவில் மூன்று வீட்டு மாமியார்களுக்கு ஒரே வாரத்தில் நெஞ்சுவலி வந்தது. மண்டபங்களைக் கேட்டேன். முகூர்த்தம் இருக்கிறது, மாசித் தேர் வருகிறது, அதற்கு மேல் பேசலாம் என்றார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று ஒருவராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இதற்கிடையில் என் முகத்தில் கலக்கம் தெரியக் கூடாதே. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு படம் போட்டேன். பிள்ளைகள் காகித உறை ஒட்டுகிறார்கள், பிள்ளைகள் பந்து உருட்டுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெற்றோர் கைகூப்பும் பொம்மையை அனுப்புவார்கள். பொங்கல் நெருங்கியபோது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. கட்டிடத்துக்கு வெள்ளையடித்தால் இவர்கள் எங்கும் போகப் போவதில்லை என்று எல்லோரும் நம்புவார்கள். இடிக்கப்போகிற கட்டிடத்துக்கு, படித்த பொம்பளை, ஆள் வைத்து வெள்ளையடித்தேன். ஜன்னலுக்கு நீலம் வேறு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அது ராஜதந்திரமாகத் தெரிந்தது.

பொங்கல் விழாவுக்குப் பெற்றோர் எல்லோரும் வந்தார்கள். சுவரைப் பார்த்து, நல்லா இருக்குதுங்க மேடம், பளிச்சுன்னு இருக்குதுங்க என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவரும் வேறெதுவும் கேட்கவில்லை. நம்பிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் அண்ணன் தம்பிக்கு வெள்ளையடித்த செய்தி போனது. இவர்கள் காலி செய்கிற எண்ணத்தில் இல்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மறுவாரமே சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். கல் எங்கள் ஊஞ்சலுக்கு இரண்டடி தள்ளி இருந்தது. வேனில் ஏறுகிற, இறங்குகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைக்கச் சொன்னேன்.

பத்தொன்பது பேரில் ஒருத்தியைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பெண். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பேச்சு நாலைந்து சொல்தான், கால்தான் நிற்காது. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் கட்டிடத்தைச் சுற்ற ஆரம்பிப்பாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஒரு வாய் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஒரு சுற்று. உட்கார வைக்க டீச்சர்கள் செய்த முயற்சி எல்லாம் வீண். அவளுடைய அம்மா வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, காரமடைக்குக் கல்யாணமாகி வந்தவர். கணவர் இல்லை. நூல்மில்லில் பகல் ஷிப்ட் வேலை. மையத்துக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் பாப்பாவை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். சேர்க்கும்போது அதைச் சொல்லி அழுதார். இனிமேல் அது வேண்டியதில்லை என்று அவரிடம் சொன்னவள் நான்தான்.

தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் மையத்துக்கு வந்தார். வேன்தான் பாப்பாவைக் கொண்டுபோய் விடும், அவர் வர வேண்டிய தேவை இல்லை. மில்லிலிருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன். வேன் இப்போதெல்லாம் சரியான நேரத்துக்கு வருகிறது என்றார். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பாப்பா ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள் என்றார். பிறகு எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த நேரம் ஒரு மண்டபக்காரர் போனில் வந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே பாப்பாவின் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். சற்று நேரம் நின்றார். "அப்ப வரட்டுங்களா மேடம்?" என்றார். "செரி கண்ணு, போயிட்டு வா" என்றேன். மண்டபமும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பாப்பா தாய்மாமன் வீட்டுக்கு வால்பாறை போயிருக்கிறாள், கொஞ்ச நாள் வர மாட்டாள் என்று அவள் அம்மா குழுவில் ஒரு செய்தி போட்டார். நான் கட்டைவிரல் பொம்மையை அனுப்பினேன்.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. ராத்திரியில் தூக்கம் போனது, பகலில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். மூன்று டீச்சர்களும் என்னைக் கண்டால் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை வயதான பெண்மணி ஒருவர் ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். காரமடைக்கு மேற்கே தோட்டம் வைத்திருப்பவர். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடு, சும்மா பூட்டிக் கிடக்கிறது, கரண்டும் போர் தண்ணியும் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். உட்காரக்கூட இல்லை. மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதிக்கொள்ளலாம், வக்கீலைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் அவரே சொன்னார். அன்றைக்கே போய்ப் பார்த்தேன். நாலு அறை, பெரிய முற்றம், சுற்றிலும் கம்பிவேலி, வேன் திரும்ப இடம். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை, அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். உங்கள் சமையல்காரம்மாதான் சந்தையில் சொன்னார், தக்காளி வாங்கும்போது என்றார்.

திரும்பி வந்ததும் சமையல் அக்காவைக் கூப்பிட்டேன். இடம் கிடைத்த சந்தோஷத்தை மீறிக் கோபம் வந்தது. மூச்சு விடக் கூடாது என்று சொல்லியும், யாரைக் கேட்டுச் சந்தையில் போய்ச் சொன்னீர்கள் என்றேன். அவர் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "மேடம், எல்லாத்துக்கும் தெரியுமுங்க. கார்த்திகையிலயே தெரியுமுங்க. அவிகளுக்குத் தெரியும்ங்கறது உங்களுக்கு மட்டுந்தானுங்க தெரியாது."

நான் நம்பவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். யார் சொல்ல வேண்டும், சைட் போடுகிறவர் டீக்கடையிலேயே வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினாரே என்றார். பிறகு ஏன் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றேன். அதற்கு அவர் கத்தியைக் கீழே வைத்தார். நீங்கள் சொல்லாமல் இருக்கும்போது நாங்களாகக் கேட்டால் நன்றாக இருக்குமா, உங்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று சொன்னார். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டேன். இடம் போகிற செய்தியையும் புது இடம் கிடைத்த செய்தியையும் ஒன்றாகச் சொன்னேன். பதினெட்டு வீட்டாரும் முதல் தடவை கேட்பதுபோல், அப்படிங்களா, அடடா என்றார்கள். ஓர் அப்பா நெஞ்சில் கைகூட வைத்தார். நான் பொய் சொன்னதை மறைக்க அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பாடுபட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் இன்னொன்று கிடையாது. கூட்டம் முடிந்த பிறகு மூன்று பேர் தனித்தனியாக வந்து, வேறு இடத்தில் விசாரித்துவைத்திருந்ததாகவும் இனி வேண்டியதில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

பத்தொன்பதாவது வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மறுநாள் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு மில் வாசலில் போய் நின்றேன். பாப்பாவின் அம்மா என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார், ஏதோ கெட்ட செய்தி என்று. புது இடத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப சந்தோசமுங்க மேடம், நல்ல மனசுக்கு நல்லதே நடந்திருக்குதுங்க என்றார். பாப்பாவை எப்போது கூட்டிவருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சர்வேயர் கல்லு நட்டுப்போட்டுப் போனப்பவே உறுதியாத் தெரிஞ்சுபோச்சுங்க. உங்களக் கேக்கலாம்னுதான் அன்னைக்கு வந்தனுங்க. நீங்க போன்ல இருந்தீங்க, மொகமே வாடிக் கெடந்துச்சு. நாமளும் போயி சங்கடப்படுத்தறதான்னு கேக்கலீங்க. திடீருன்னு மூடிப்போட்டா என்ற புள்ளைய எங்கீங்க கொண்டுபோறது? அதான் அண்ணங்கிட்டக் கேட்டு உட்டுட்டு வந்தேன்."

அவர் என்மேல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இப்போது கூட்டிவர என்ன தடை என்று கேட்டேன். அண்ணன் வீட்டில் கேட்டதும் வைத்துக்கொண்டார்கள், இப்போது வெடுக்கென்று கூட்டிவந்தால் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும், அண்ணி மனசு நோகும், சித்திரை நோம்பிப் பண்டிகை முடியட்டும் என்றார். அண்ணன் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்றேன். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போவார்கள் என்றார். பாப்பா அங்கே எப்படி இருக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

நான் போய்க் கூட்டிவருகிறேன் என்றேன். நீங்கள் எதற்கு அவ்வளவு தூரம் என்றார், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு, டீச்சர் பார்க்க வருகிறார் என்று சொல்லிவைத்தார்.

மறுநாள் காலையில் பொள்ளாச்சி போய் வால்பாறை பஸ் ஏறினேன். ஆழியாறு தாண்டி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப என் முழங்கால் எதிர் சீட்டில் இடித்தது. என்ன பேசுவது என்று ஒரு வளைவில் யோசித்ததை அடுத்த வளைவில் மாற்றினேன். வால்பாறையில் இறங்கி ஜீப் பிடித்து எஸ்டேட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். ஒன்றில்கூட ஆள் இல்லை. நாலாவது வீட்டுக் கதவில் பூட்டு.

ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம், பாயில், பாப்பா உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது, பாவாடை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் மூடிவைத்த சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்ச் செம்பு. நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எழுந்து வரவில்லை.

வேலை முடிந்து ஆள் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம். மழைத் தூறல் விழுந்து நின்றது. நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அவள் அதே இடத்தில் இருந்தாள். கட்டிடத்தை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த பெண். எல்லாம் நான் போட்ட நாடகத்தின் பலன் என்று எனக்குத் தெரிந்தது. யாரையும் திட்ட வழியில்லாமல் என்னையே திட்டிக்கொண்டேன்.

மாமன் மனைவி கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர், லீவு தரல. கீழ் லைன்ல சிறுத்தை வந்து ஆட்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு. பூட்டாம விட்டுட்டுப் போக முடியலை" என்றார். டீ போடப் போனார். முறுக்குத் தட்டு வந்தது. மழையைப் பற்றி ஆரம்பித்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"மையம் மூடப்போகுதுன்னு நான் மறைச்சேன். எல்லாரும் பயந்து, சொல்லாம ஆளுக்கொரு ஏற்பாடு பண்ணிட்டாங்க. பாப்பா இங்க இருக்கறது என்னோட தப்பு. நீங்க நல்லாத்தான் பாத்துருக்கீங்க. இப்ப இடம் கெடைச்சுருச்சு. நான் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடியவில்லை என்று முதல் வாரமே சொல்லியிருப்பேன், நாத்தனார் மனசு கஷ்டப்படுமே என்று சொல்லவில்லை என்றார். தினமும் பூட்டும்போது சாமியை வேண்டிக்கொண்டுதான் பூட்டுவாராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் டீயைக் குடித்து முடித்தோம்.

பாப்பாவின் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஜீப் மேலே ரோட்டில் காத்திருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. நான் வாசலில் நின்று பாப்பா என்று கூப்பிட்டேன். அவள் எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்தாள். அங்கேயே நின்றாள். கையை நீட்டினேன், கையைப் பார்த்தாள், காலை எடுத்து வைக்கவில்லை.

மாமன் மனைவி பின்னாலிருந்து சொன்னார். "வெளிய வான்னு சொன்னாத்தான் வரும் டீச்சர். இப்ப நல்லாப் பழகிருச்சு." குறும்புப் பிள்ளையை அடக்கிக் கொடுத்த திருப்தி அந்தக் குரலில் இருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நான் "வெளியே வா கண்ணு" என்றேன். வந்தாள்.

சாளைக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் பெற்றோரைக் கூட்டி, எது நன்றாக நடக்கிறது, எது ஆட்டம் காண்கிறது என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன். முதலில் அவர்கள் நெளிந்தார்கள், இப்போது கேள்வி கேட்கிறார்கள், சில சமயம் சத்தமாகவே கேட்கிறார்கள். முற்றம் பழைய இடத்தைவிடப் பெரியது, கதவுகள் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. பாப்பா காலையில் வந்ததும் அறைக்குள் சுவர் ஓரம் உட்கார்ந்துகொள்கிறாள். இப்போது நன்றாக உட்காருகிறாள் என்று புதிதாக வந்த டீச்சர் என்னிடம் பாராட்டிச் சொன்னார். வெளியே வா என்று யாராவது சொன்னால் வருகிறாள்.